கையுறை போட்டு எழுதிய பரீட்சை

முப்பத்தொன்று.

பட்டதாரி அந்த எண்ணை மூன்று முறை படித்தாள். போன் திரையைச் சட்டை நுனியில் துடைத்துவிட்டு நான்காவது முறையும் படித்துப் பார்த்தாள். துடைத்ததால் எண் ஒன்றும் கூடவில்லை. பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் 'தேர்ச்சி பெறவில்லை' என்று போட்டிருந்தது, யாராவது கவனிக்காமல் போய்விடுவார்களோ என்ற அக்கறையில்.

"என்னடி, வந்துடுச்சா?" அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல்.

"வந்துடுச்சு."

"எவ்வளவு?"

"முப்பத்தொண்ணு."

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "எத்தனைக்கு?"

"எத்தனைக்குன்னு நினைக்கிற? முப்பத்தொண்ணுக்கா? நூத்துக்கும்மா."

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். லாரி டயர் கடையில் பகலெல்லாம் சுத்தியல் அடிக்கிறவர். வீட்டில் எந்த விஷயத்திலும் கடைசியாகத்தான் வாய் திறப்பார், திறந்தால் தப்பான நேரத்தில் திறப்பார். "நான் எட்டாவதுல கணக்குல வாங்கினதே முப்பத்திரண்டு," என்றார்.

அம்மா பார்த்த பார்வையில் அவர் மறுபடியும் தட்டுக்குள் போய்விட்டார்.

பட்டதாரி என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பளுதூக்கி வண்டி ஓட்டுகிறவன் ஒருவன், "பட்டதாரி வருது, வழி விடுங்கப்பா," என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அவள் நின்று, "ஆமா, பட்டதாரிதான். எங்க வம்சத்துலயே மொத ஆளு. வழி விடு," என்றாள். அவன் வழி விட்டான். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அம்மாகூடக் கிடங்குக்குள் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

அம்மா அந்தக் கிடங்கில் பத்தொன்பது வருடமாக இருக்கிறாள். உறைந்த பட்டாணியும் இறைச்சியும் ஐஸ்கிரீமும் அடுக்கி வைக்கிற பெரிய அறை, மைனஸ் பதினெட்டு டிகிரி. எந்த அடுக்கில் எந்தப் பெட்டி எப்போது வந்தது என்று அம்மாவைக் கேட்டால் போதும், பார்க்கவே வேண்டாம். ஆனால் விரல்கள் போய்க்கொண்டிருந்தன. வேலை முடிந்து வந்தால் நுனிகள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும், அரை மணி நேரம் கழித்துத்தான் வலிக்கவே ஆரம்பிக்கும். டாக்டர் போன மாதம் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் ஒரு வருஷம் உள்ள நின்னீங்கன்னா, அந்த நுனிங்களுக்கு நான் பொறுப்பில்ல."

அந்த நேரத்தில்தான் மாடியில் கண்ணாடி அறை கட்டி முடித்தார்கள். சரக்கு அனுப்பும் வேலையை இனி அங்கே உட்கார்ந்து கணினியில் செய்ய வேண்டுமாம். ஆறு இருக்கைகள். ஹீட்டர் உண்டு. ஏற்கெனவே உள்ளே வேலை செய்கிறவர்களுக்கே முதல் உரிமை என்று மேலாளர் பலகையில் ஒட்டினார். கீழே ஒரு வரி: பணியிடத்துக்கான அடிப்படைக் கணினித் திறன் சான்றிதழ் கட்டாயம், பட்டம் பெற்றவர்களுக்கு விலக்கு.

விலக்கு! பரீட்சை இல்லாமலே பட்டதாரியின் பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. அவள் படித்தது தாவரவியல். மூன்று வருடத்தில் கல்லூரிக் கணினி அறையை அவள் பார்த்தது ஜன்னல் வழியாக. பூட்டின் சாவி எப்போதும் யாரோ ஒரு பேராசிரியரின் பையில் இருக்கும். பாடம், பரீட்சை விண்ணப்பம், ரிசல்ட் எல்லாம் போனிலேயே ஓடிவிட்டது. இலையின் குறுக்குவெட்டுப் படம் வரையத் தெரிந்தவளுக்குக் கணினி விலக்கு. தினமும் முப்பது வண்டிச் சரக்கைக் கணினியில் ஏற்றுகிற அம்மாவுக்குப் பரீட்சை. இதை நினைத்தாலே அவளுக்கு மூக்கு விடைக்கும்.

அந்தப் பரீட்சையில்தான் முப்பத்தொன்று. நாளை வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குப் பட்டியலை மூடுகிறார்கள். அதற்குப் பிறகு காலியிடங்களுக்கு வெளியாட்களை எடுப்பார்கள். அடுத்த வாய்ப்பு ஒரு வருடம் கழித்து. டாக்டர் சொன்ன அதே ஒரு வருடம்.

"உக்காரும்மா," என்றாள். "முதல்லேர்ந்து சொல்லு. என்ன என்ன பண்ண?"

அம்மா கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெட்டி எண்ணிக்கை ஒப்பிக்கிற அதே குரலில் ஆரம்பித்தாள்.

"ஃபைலைத் திறக்கச் சொன்னாங்க. கண்ட்ரோல் ஓ. திறந்துச்சு. நாலு வரி லெட்டர் அடிக்கச் சொன்னாங்க. அடிச்சேன். தலைப்பைத் தடிமனாக்கச் சொன்னாங்க. ஷிப்ட்டைப் பிடிச்சு வரியைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் பி. வேற பேர்ல சேமிக்கச் சொன்னாங்க. எஃப் பன்னெண்டு."

"கூட்டல்?"

"ஆல்ட்டும் சமக்குறியும். டக்குனு வந்துச்சு. பக்கத்து சீட்டுப் பையன் அவன் வேலைய விட்டுட்டு என்னையே பாத்துட்டு இருந்தான்."

"எல்லாம் சரிதானேம்மா? அப்புறம் எப்படி முப்பத்தொண்ணு?"

"அத என்னைக் கேட்டு என்ன பண்றது, அவங்கள இல்ல கேக்கணும்."

அவள் போனில் மதிப்பெண் விவரத்தைத் திறந்தாள். கேள்வித்தாளில் முப்பதுக்கு இருபத்துநாலு. செய்முறையில் பத்து வேலைகள், ஒவ்வொன்றுக்கும் ஏழு. கடிதம் அடித்ததற்கு ஏழு. மீதி ஒன்பதுக்கும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், முட்டைக் கடை மாதிரி வரிசையாக.

கடிதத்துக்கு மட்டும் ஏன்?

அவள் தலையைச் சொறிந்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "அம்மா, மவுஸை என்ன பண்ண?"

"எந்த மவுஸு? ஓ, அதுவா. கைக்கு இடைஞ்சலா இருந்துச்சு. கீபோர்டுக்குப் பின்னாடி தள்ளி வெச்சுட்டேன்."

பட்டதாரிக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே நின்றும் போனது.

கிடங்கில் குளிர் அறைக்கு முன்னால் ஒரு சின்ன முன்னறை உண்டு. நாலு டிகிரி. அங்கேதான் அந்த ஒரே கணினி. கதவு திறக்கும்போதெல்லாம் பனிக்காற்று வந்து எல்லாவற்றின் மேலும் ஈரமாகப் படியும். மவுஸ் வாங்கினால் பதினைந்து நாளைக்குத்தான் தாங்கும். ஐந்தாவது மவுஸ் செத்ததும் மேலாளர் கையை உதறிவிட்டார். கீபோர்டுக்கு மட்டும் பிளாஸ்டிக் உறை போட்டதால் அது பிழைத்தது. அதன் பிறகு அந்த முன்னறையில் எல்லா வேலையும் விசைகளில்தான். தடித்த கையுறை விரல் ஒரே நேரத்தில் மூன்று விசையை அமுக்கும் என்பதால், மார்க்கர் பேனாவை மூடியோடு பிடித்து, அந்த முனையால் தட்டுவார்கள். எந்த வேலைக்கு எந்த விசை என்று போனில் தேடித்தேடி ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியது பட்டதாரிதான். மூன்று மாதமாக, வேலை முடிந்து தினம் அரை மணி நேரம் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவளேதான்.

தேர்வு மையத்தின் மாதிரிப் பயிற்சியைத் திறந்து பார்த்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஒரு அம்புக்குறி: இந்த மெனுவைச் சொடுக்கவும், பிறகு இந்த இடத்தைச் சொடுக்கவும். வேலை முடிந்ததா என்று அந்த சாஃப்ட்வேர் பார்க்கவில்லை. எங்கே சொடுக்கினாய் என்று மட்டும் எண்ணியிருக்கிறது. டைப் அடிப்பதை மட்டும் மவுஸால் செய்ய முடியாது, அதனால் அதற்கு ஏழு.

மவுஸைப் பற்றி அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது. அவள் வேலைக்குச் சேர்ந்தபோதே ஐந்து மவுஸும் செத்திருந்தன, அவள் கையிலேயே ஒரு மவுஸ் வந்ததில்லை. இது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று அந்தக் கோபத்துக்கு நடுவிலும் தோன்றியது.

"விசில் அக்காவுக்கு எவ்வளவாம்? ரெட்டை ஜடைக்கு?" என்று கேட்டாள். இரண்டு பேரும் அம்மாவோடு கிடங்கில் நிற்கிறவர்கள், அதே அட்டையைப் பார்த்துப் படித்தவர்கள்.

அம்மா போன் போட்டுக் கேட்டாள். விசில் அக்காவுக்கு இருபத்தெட்டு. ரெட்டை ஜடைக்கு முப்பத்துமூன்று.

"நான்தாம்மா உங்க மூணு பேரையும் கவுத்தது," என்றாள் பட்டதாரி.

"ஆமா, பெரிய இவ. போய் சாப்பிடு," என்றாள் அம்மா.

மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. அம்மா வழக்கம்போல ஆறு மணி ஷிப்ட்டுக்குப் போய்விட்டாள். மையம் திறக்கிற பத்து மணிக்கு முன்பே இவள் படியில் நின்றாள். கீழே கண்ணாடிக் கடை, மேலே தேர்வு மையம். நாற்பது கணினிகள், நாற்பது நாற்காலிகள், தரை துடைத்த ஈரம் இன்னும் காயவில்லை. பொறுப்பாளர் முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்து, மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கழுத்தோடு தொங்கவிட்டு, ஃபிளாஸ்க் மூடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"தேர்வு எழுதினது நீங்களாம்மா?"

"இல்ல சார். எங்கம்மா."

"அப்ப அவங்கதான் வரணும்."

"அவங்க மைனஸ் பதினெட்டுல நிக்கறாங்க சார். நான் ப்ளஸ்ல இருக்கேன், அதான் வந்தேன்."

அவர் டீயைக் கீழே வைத்தார். விஷயத்தைச் சொன்னாள். பாதி கேட்டதும் கையைத் தூக்கினார். "மார்க் போட்டது சாஃப்ட்வேர்மா. நான் இல்ல."

"நல்லா இருக்கே. பாஸ் பண்ணா மையத்தோட பெருமைன்னு வாசல்ல போட்டோ மாட்டறீங்க. ஃபெயிலானா சாஃப்ட்வேரா?"

"ஏம்மா, காலங்காத்தால..."

"அவங்க செஞ்ச ஃபைல் இருக்கும்ல? திறந்து பாருங்க. ஒரே ஒரு தடவ. தப்பா இருந்தா நான் இப்படியே படி இறங்கிப் போயிடறேன்."

அவளை அனுப்ப அதுதான் குறுக்குவழி என்று நினைத்திருக்க வேண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். கோப்பு வந்தது. கடிதம் சுத்தமாக இருந்தது. தலைப்பு தடிமனாக இருந்தது. சொன்ன பெயரில் சேமித்திருந்தது. அட்டவணையின் கடைசிக் கட்டத்தில் கூட்டுத்தொகை சரியாக நின்றது. அவர் இன்னொரு பக்கத்தைத் திறந்தார். முகம் கொஞ்சம் மாறியது.

"நாப்பத்தஞ்சு நிமிஷப் பரீட்சை. உங்கம்மா பதினாலு நிமிஷத்துல எழுந்து போயிருக்காங்க. முடியாம விட்டுட்டுப் போயிட்டாங்கன்னுல்ல நினைச்சோம்."

"முடிச்சுட்டுத்தான் போனாங்க."

"சரிம்மா. புரியுது. திங்கக்கிழமை வந்து திரும்ப எழுதட்டும். ஒரு மணி நேரம் மவுஸ் பழகிட்டு வரச் சொல்லுங்க, கண்ண மூடிட்டுப் பாஸ் பண்ணிடுவாங்க."

"இன்னிக்கு நாலு மணிக்கு லிஸ்ட் மூடறாங்க சார்!"

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

அவ்வளவுதான். அவளுக்குள் ஏதோ அறுந்தது. பத்தொன்பது வருடம், வெளுத்த விரல், தாவரவியல், விலக்கு, செத்த ஐந்து மவுஸ் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினாள். நாற்பது நாற்காலிகளும் கேட்டுக்கொண்டிருந்தன. பொறுப்பாளர் அமைதியாகக் கோப்பை மூடினார்.

"கத்தினீங்கன்னா நான் எழுந்து போயிடுவேன்மா. எனக்கும் ரத்தக்கொதிப்பு இருக்கு."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். அங்கே மாதிரிச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் விதிமுறைகள், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் இரண்டு பக்கம். அவள் படிக்க ஆரம்பித்தாள். இது அவளுடைய பழைய பழக்கம். உதவித்தொகை, விடுதி, தேர்வுக்கட்டணம் என்று எந்தப் படிவம் வந்தாலும் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. அதனால் பின்பக்கத்தையும் படிப்பாள், அடிக்குறிப்பையும் படிப்பாள். இரண்டு முறை அந்த அடிக்குறிப்புதான் அவளைக் கல்லூரியில் வைத்திருந்தது.

இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"சார், பதினோராம் விதி. 'முடிவு வெளியான ஏழு நாட்களுக்குள் தேர்வர் நேரில் கேட்டுக்கொண்டால், பொறுப்பாளர் அருகில் அமர்ந்து செய்முறைத் தேர்வைக் கண்ணால் பார்த்து மதிப்பிடலாம். அந்த மதிப்பெண்ணே இறுதியானது.'"

"அதை இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லம்மா."

"யாரும் கேக்கலன்னா விதி செத்துடுமா?"

அவர் குனிந்து கீழ் இழுப்பறையைத் துழாவினார். போன வருட நாட்காட்டிக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் நிறப் படிவம் வந்தது. ஊதித் தூசு தட்டினார்.

"நேர்ல வரணும். மூணு மணிக்குள்ள. அதுக்கு மேல வந்தா என்னைத் திட்டக் கூடாது."

பேருந்தில் அரை மணி நேரம். கிடங்கு வாசலில் இறங்கி ஓடினாள். குளிர் அறைக்குள் போன் கொண்டுபோக முடியாது, பேட்டரி பொட்டென்று போய்விடும். முன்னறையில் மேலாளர் நின்றிருந்தார். தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் ஜீரோ டிகிரி. முன்னறையைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே போனதில்லை.

"எங்கம்மா ஒரு மணி நேரம் முன்னாடி போகணும் சார். சான்றிதழ் விஷயம்."

"ரெண்டு வண்டி நிக்குது. ரெண்டு மணிக்கு முன்னாடி ஒருத்தரும் நகர முடியாது," என்றார் ஜீரோ டிகிரி. "ஃபெயிலான சான்றிதழுக்கு என்ன அவசரம்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பிளாஸ்டிக் திரை விலகியது. புருவத்தில் பனிப்பொடியோடு அம்மா எட்டிப் பார்த்தாள். விஷயத்தை இரண்டு வரியில் கேட்டுக்கொண்டாள்.

"ரெண்டு மணிக்கு முடிச்சுட்டு வரேன். நீ போய் பஸ் ஸ்டாப்புல நில்லு."

"அம்மா, நேரம் பத்தாது..."

"பத்தும். இங்க நின்னு கத்தாத, திரைய மூட முடியல, குளிர் போகுது."

எப்படி இந்த மனுஷியால் இவ்வளவு நிதானமாக இருக்க முடிகிறது என்று பட்டதாரிக்கு எரிச்சலாக வந்தது. நிறுத்தத்தில் மூன்று மணி நேரத்தை நகத்தைக் கடித்தே ஓட்டினாள். இரண்டு அடித்து ஐந்து நிமிடத்தில் அம்மா வந்தாள். உடை மாற்றவில்லை. தடித்த ஜாக்கெட், முழங்கால் வரை பூட்ஸ், கையுறை, பையில் மார்க்கர் பேனா. பின்னால் அதே கோலத்தில் இன்னும் இரண்டு பேர்.

"இவங்க எதுக்கும்மா?"

"அவங்க மட்டும் என்ன பாவம் பண்ணாங்க? ஏழு நாளைக்குள்ள யார் கேட்டாலும் பண்ணணும்ல?"

"பட்டதாரி, முகத்த அப்படி வெச்சுக்காத," என்றாள் விசில் அக்கா. "பஸ் வருது பாரு." வாயில் இரண்டு விரலை வைக்க வேண்டியதில்லை அவளுக்கு. வெறும் உதட்டிலேயே அடித்த விசிலில் நிறுத்தம் தாண்டப் போன பேருந்து நின்றது. வெயிலில் வெந்துகொண்டிருந்த பயணிகள், பனிமலை ஏறப் போகிறவர்கள் மாதிரி வந்த மூன்று பெண்களையும் ஏற இறங்கப் பார்த்தார்கள். ரெட்டை ஜடை, "என்ன பாக்கறீங்க? எங்களுக்குக் குளிருது," என்றாள்.

மையத்தில் மணி இரண்டு நாற்பது.

"ஒருத்தர்னு சொன்னீங்க," என்றார் பொறுப்பாளர்.

"விதியில எண்ணிக்கை போடல சார்," என்றாள் பட்டதாரி.

அவர் மூன்று படிவம் எடுத்தார். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு முதல் கணினியில் உட்கார்ந்தாள். பட்டதாரி பக்கத்தில் போய் நின்று, "சார், முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், அந்த சாஃப்ட்வேர் என்ன பண்ணுதுன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"ஏய், நீ வெளிய போய் நில்லு," என்றாள் அம்மா.

"அம்மா..."

"மூணு மாசம் சொல்லிக் கொடுத்துட்ட. முடிஞ்சுது. இப்ப நான் பண்றேன். கதவைச் சாத்திட்டுப் போ."

மற்ற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு அவள் வெளியே போனாள். கதவை முழுக்கச் சாத்தவில்லை.

"கையுறையைக் கழட்டிட்டு ஆரம்பிங்கம்மா," என்று பொறுப்பாளர் சொல்வது கேட்டது.

"கழட்டலாம் சார்," என்றாள் அம்மா. "அன்னிக்கு வெறுங்கையாலதான் எழுதினேன். ஆனா இப்பதான் உள்ளேருந்து வரேன், விரல் மரத்துக் கிடக்கு. வேலை செய்யற எடத்துல இதைப் போட்டுட்டுத்தான் பண்றோம். சுவத்துல இருக்கற சான்றிதழ்ல பணியிடம்னுதானே எழுதியிருக்கீங்க? பணியிடத்துல எப்படிப் பண்றேனோ அப்படியே பண்ணிக் காட்டறேன். ஆகலன்னா மார்க் போடாதீங்க."

பொறுப்பாளர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் வந்தது.

கதவின் கண்ணாடி வழியாகப் பட்டதாரிக்கு அம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. ஜாக்கெட் திரையை மறைத்தது. பேனா மூடி தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. டக், டக்டக், டக். அவள் சத்தத்தை வைத்தே எண்ணினாள். திறந்தாச்சு. இது கடிதம். பொறுப்பாளர் முதலில் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்தார். மூன்றாவது வேலையில் கையை அவிழ்த்தார். ஐந்தாவதில் முன்னால் குனிந்தார். கூட்டல் வந்தபோது கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

பிறகு சத்தம் நின்றது.

அம்மாவின் வலது கை பேனாவோடு அப்படியே அந்தரத்தில் நின்றது. என்ன கேள்வி அது? எந்த விசை? உள்ளே போய் ஒரு எழுத்தைச் சொன்னால் போதும். போனால் எல்லாம் பாழ். கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பின்னாலிருந்து ரெட்டை ஜடை அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். விசில் அக்கா விசிலை மறந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா பேனாவைக் கீழே வைத்தாள். கையுறையோடு நெற்றியைத் துடைத்தாள். மறுபடி பேனாவை எடுத்தாள். டக். டக்டக்டக். டக்.

"முடிஞ்சுது சார்," என்றாள்.

பதினோரு நிமிடம்.

பொறுப்பாளர் படிவத்தில் எழுதுவதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். கதவைத் திறந்து இவளை உள்ளே கூப்பிட்டார்.

"பத்துல ஒம்போது. மின்னஞ்சல்ல பொருள்னு, அதான் சப்ஜெக்ட், ஒரு கட்டம் இருக்கு, அதைக் காலியா விட்டு அனுப்பிட்டாங்க. அதுக்கு மட்டும் மார்க் கிடையாது."

"நாங்க அனுப்பறது லாரிக்காரங்களுக்கு சார்," என்றாள் அம்மா. "சரக்கு வருதுன்னு அவங்களுக்கே தெரியும். அதுக்குப் பொருள் என்ன போடறது? அதான் கொஞ்ச நேரம் யோசிச்சேன். அங்கயும் போடறதில்ல, இங்கயும் போடல."

"அறுபத்துமூணும் இருபத்துநாலும் எண்பத்தேழு," என்றார் அவர். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எண்பத்தேழும்மா. நான் எடுக்கற வகுப்புல உக்காந்தவங்களே இவ்வளவு வாங்கறதில்ல."

பக்கத்துத் தெருவுக்கே கேட்கிற மாதிரி விசில் அக்கா ஒன்று அடித்தாள். கீழே கண்ணாடிக் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

"அடுத்து நீ போ," என்று அம்மா விசில் அக்காவை நாற்காலியில் தள்ளினாள். விசில் அக்கா எழுபத்தேழு. ரெட்டை ஜடை எழுபத்தைந்து. அவள் மட்டும் பாதியில் ஜடையைப் பிடித்துக் கடித்தாள், மற்றபடி ஒரு தடையும் இல்லை.

மூன்று ஐம்பதுக்குப் பொறுப்பாளர் கிடங்குக்கு அனுப்பும் பட்டியலைத் திறந்தார். மூன்று பெயருக்கும் எதிரே மதிப்பெண்ணை மாற்றினார். பொருள் என்ற கட்டத்தை மறக்காமல் நிரப்பினார். பிறகு மவுஸைப் பிடித்துக்கொண்டு அனுப்பும் பொத்தானைத் தேடினார். அம்பு திரையில் அங்குமிங்கும் அலைந்தது. மணி மூன்று ஐம்பத்திரண்டு.

நான்கு பெண்கள் பின்னால் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"சார்," என்றாள் அம்மா, "கண்ட்ரோல் எண்டர் அடிங்க. போயிடும்."

அவர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அடித்தார். போய்விட்டது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் கண்ணாடி அறையில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஜீரோ டிகிரி ஆறு இருக்கைகளுக்கும் பெயர்ச் சீட்டு ஒட்டியிருந்தார். அம்மாவின் சீட்டை ஒட்டும்போது மட்டும் பசை சரியாக ஒட்டவில்லை என்று இரண்டு தடவை அழுத்தினாராம். விசில் அக்கா சொன்னாள்.

அம்மா ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். கையுறையைக் கழற்றினாள். பத்து விரலையும் விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பேனா இல்லாமல், உறை இல்லாமல், வெறும் விரலால் தட்ட ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே ஒவ்வொரு எழுத்தும் இரண்டு இரண்டாக விழுந்தது.

"என்னடி இது, தொட்டாலே ஓடுது. அந்தப் பேனாக்கட்டையால ஓங்கி அடிச்ச கை, அடங்க மாட்டேங்குது."

"மெதுவா தட்டும்மா."

"தட்டறேன், தட்டறேன். நீ உன் வேலையப் பாரு."

பட்டதாரியின் இருக்கை பக்கத்திலேயே இருந்தது. மேஜையில் கீபோர்டும், அதற்குப் பக்கத்தில் பளபளவென்று புது மவுஸும். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதைப் பிடித்தாள். அம்பு அசைந்தது. வலப்பக்க மூலையில் இருந்த ஒரு பொத்தானுக்குப் போக வேண்டும். நகர்த்தினாள். இன்னும் நகர்த்தினாள். அம்பு மூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் மேஜை முடிந்துவிட்டது. மவுஸ் விளிம்பைத் தாண்டி விழுந்து கம்பியில் தொங்கி ஆடியது.

அவள் குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது அம்மா தட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"தூக்கி மறுபடி நடுவுல வைக்கணும்டி," என்றாள் அம்மா. "அன்னிக்கு ரெட்டை ஜடை எழுதற வரைக்கும் சும்மாதானே இருந்தேன், பக்கத்து மிஷின்ல பழகிப் பாத்தேன். அவ்வளவுதான் அது."

பட்டதாரி மவுஸைத் தூக்கி நடுவில் வைத்தாள். காது சூடாகியது.

அம்மா திரும்பி விசில் அக்காவைக் கூப்பிட்டாள். அறை முழுக்கக் கேட்கிற குரலில்தான் கூப்பிட்டாள்.

"ஏய், இங்க வந்து பாரு! இதுக்கு விலக்கு வேற கொடுத்திருக்காங்க!"